விரல் போனது மில்லில், கேஸ் ஷீட்டில் வீட்டில்: வேலையில் அடிபட்டு நஷ்டஈடு மறுத்தால் என்ன செய்வது

எங்கள் அத்தானுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. திருநெல்வேலி பேட்டைப் பக்கம் ஒரு மரம் அறுக்கும் மில்லில் பலகை தள்ளும்போது ரம்பத்தில் போனது. ஆனால் அன்றைக்கு ராத்திரி சேர்த்த தனியார் ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டைப் பார்த்தால், வீட்டில் விறகு வெட்டும்போது காயம் என்று இருக்கும். பில் கட்டியது முதலாளி. போகிற வழியில் ஆட்டோவில் வைத்தே, “ஏலே, மில்லுன்னு சொன்னா போலீஸ் கேஸாயிரும், வீட்டுலன்னு சொல்லிரு, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லியிருக்கிறார். ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறவன் என்ன யோசிப்பான்? சரி முதலாளி என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வரி எங்களை ஒன்றே முக்கால் வருஷம் அலைய வைத்தது.

அதிலிருந்து எங்கள் தெருவில் யாருக்கு வேலையில் அடிபட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் வக்கீல் இல்லை, அக்காவோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவன், அவ்வளவுதான். புதிதாக இதில் மாட்டிக்கொண்டவர்களுக்காக, எதை எப்போது செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

முதல் ராத்திரி

முதலில் உயிர். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியோ அங்கே போங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் டாக்டரோ நர்ஸோ “எப்படி அடிபட்டது?” என்று கேட்கும்போது, எந்த இடத்தில், எந்த மெஷினில், எத்தனை மணிக்கு, யாரிடம் வேலை பார்க்கையில் என்று உள்ளதை அப்படியே சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் (நமக்கு ஹைகிரவுண்டுதான்) அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அதைத்தான். பின்னால் ஆயிரம் பேர் ஆயிரம் சொன்னாலும், சம்பவம் நடந்து ஒரு மணி நேரத்தில் டாக்டர் கைப்பட எழுதிய வரிக்கு இருக்கிற மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

எங்களைப் போல ஏற்கெனவே தப்பாக எழுதியாகிவிட்டது என்றால்? மனசு விட வேண்டாம். கட்டுப் பிரிக்கவோ தையல் பிரிக்கவோ அடுத்த முறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்ததைச் சொல்லி ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கையோடு காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்து, புகார் வாங்கியதற்கு அவர்கள் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். முதலாளியை உள்ளே தள்ளுவதற்கு இல்லை, தேதி போட்ட ஒரு காகிதத்துக்காக. எங்கள் அக்கா இதற்கு பத்து நாள் தயங்கினாள், “அண்ணாச்சி முகத்துல எப்படி முழிக்க?” என்று. அந்தப் பத்து நாளையும் எதிர்த்தரப்பு வக்கீல் பின்னால் நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள்

இது தெரியாமல் தொழிலாளர் ஆபீஸுக்குப் போய் திரும்பி வந்தவர்கள் நிறைய. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடம், சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பொதுவாக இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு வந்துவிடும். இ.எஸ்.ஐ.க்குள் இருப்பவர் முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது, எல்லாம் இ.எஸ்.ஐ. வழியாகத்தான். அது ஒன்றும் மோசமில்லை. வேலைக்குப் போக முடியாத நாளுக்கெல்லாம் சம்பளத்தில் 90 சதவீதம் கணக்கில் கிடைக்கும், நிரந்தர ஊனம் என்றால் மாதாமாதம் வரும். வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. முதலாளி பதிவே செய்யாமல் ஏமாற்றியிருந்தால், இ.எஸ்.ஐ. உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே அவர் பதியாதது உங்கள் குற்றம் ஆகாது.

அத்தான் மில்லில் மொத்தமே ஆறு பேர். இ.எஸ்.ஐ. கிடையாது. அதனால் நாங்கள் 1923ஆம் வருஷத்துச் சட்டத்தில் போனோம். முன்பு தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் என்று பெயர், பிறகு பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் ஆனது. 2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் ஏழாம் அத்தியாயமாகப் போயிருக்கிறது. நான் சொல்வதெல்லாம் எங்கள் கேஸ் நடந்த பழைய சட்டத்தை வைத்துத்தான். உங்கள் விபத்து அந்தத் தேதிக்குப் பிறகு என்றால், மனு எந்தப் படிவத்தில் என்று ஆபீஸில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது

பேரம் பேச உட்காருவதற்கு முன் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் எடுங்கள். அதை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருக்கிறது, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. இப்படி வருவது முழுசாக வேலைத்திறன் போனவருக்கான தொகை. ஒரு பகுதி ஊனம் என்றால் அதில் எத்தனை சதவீதமோ அத்தனை. கட்டைவிரல் போனால் 30, ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, நான்கு விரல் போனால் 50 என்று முதல் அட்டவணையில் வரிசையாக இருக்கும். படிக்கையில் வயிற்றைக் கலக்கும், மனுஷனைக் கூறு போட்டு விலை எழுதியது மாதிரி. ஆனால் அதுதான் நம் கையில் இருக்கிற கத்தி.

சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம், 2020 ஜனவரியில் அப்படி உயர்த்தினார்கள். அதற்கு முன்னால் 8,000. அத்தானுக்கு தினக்கூலி 700, மாதம் 26 நாள் என்றால் 18,200. ஆனாலும் 15,000தான். அதில் 60 சதவீதம் 9,000. வயது 40, ஆகவே 184.17ஆல் பெருக்கினால் 16,57,530. இரண்டு விரலுக்கு 20 சதவீதம் என்றால் 3,31,506 ரூபாய். முதலாளி வீட்டுக்கு வந்து நீட்டியது எவ்வளவு தெரியுமா? நாற்பதாயிரம்.

அவர் சொன்ன நியாயம், “ஆஸ்பத்திரிக்கே 86,000 கட்டியிருக்கேன், அதைக் கழிக்கணும்லா?” என்பது. கழிக்கக் கூடாது. வைத்தியத்துக்குக் கொடுத்தது நஷ்டஈட்டில் சேராது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வைத்தியச் செலவு முழுக்க அவர் பொறுப்பு, நஷ்டஈடு தனி. ஆகவே யாராவது ஆஸ்பத்திரி பில்லைக் காட்டிக் கணக்குத் தீர்ந்தது என்று சொன்னால் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இறந்துபோயிருந்தால் 60க்குப் பதில் 50 சதவீதம், அதே வயது எண். அந்தப் பணத்தை முதலாளி குடும்பத்தின் கையில் நேராகக் கொடுக்கவே கூடாது, தொழிலாளர் துறையில் இதற்கென்று இருக்கிற ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், ஆணையர்தான் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று பிரித்துக் கொடுப்பார். துக்க வீட்டில் வைத்து ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீட்டுகிற பணத்தைச் சட்டம் நஷ்டஈடாகவே எடுத்துக்கொள்ளாது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆட்கள் மாட்டியபோது ஊரே திரண்டு நின்றது, டிவி வந்தது, யாரும் எதையும் மூடி மறைக்க வழியில்லை. ஒற்றை ஆள் ஒற்றை மெஷினில் அடிபடுகிறபோது அந்தச் சாட்சி இருக்காது. அங்கேதான் எல்லாத் தகராறும்.

முதலாளி என்னென்ன சொல்வார்

பெரும்பாலும் மூன்றே மூன்று. இவன் என் ஆளே இல்லை. என் இடத்தில் அடிபடவில்லை. இவன் தப்பால்தான் அடிபட்டது.

கடைசியிலிருந்து வருகிறேன். கவனக்குறைவு என்பது பதிலே இல்லை. அசந்துவிட்டான், பேசிக்கொண்டே வேலை பார்த்தான் என்பதற்கெல்லாம் நஷ்டஈடு நின்றுபோகாது. குடித்திருந்தான், பாதுகாப்புக்குப் போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினான் அல்லது பாதுகாப்புக்கு வைத்த மூடியை வேண்டுமென்றே கழற்றினான் என்று நிரூபித்தால்தான் தப்பிக்கலாம், அதுவும் சாவிலும் முழு நிரந்தர ஊனத்திலும் செல்லாது. குடித்திருந்தான் என்று வாயால் சொன்னால் போதாது, முதல் ராத்திரி டாக்டர் குறித்திருக்க வேண்டும். பாருங்கள், மறுபடி அதே காகிதம்.

என் ஆள் இல்லை என்பதற்கு இன்னொரு வேஷம், “அவன் காண்ட்ராக்டர் ஆளு.” ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலைகளிலும் கட்டட வேலைகளிலும் இதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். யாருடைய இடத்தில், யாருடைய தொழிலுக்காக வேலை நடந்ததோ அவரும் பொறுப்பு. அவரிடமே கேட்கலாம், அவர் காண்ட்ராக்டரிடம் பிறகு வாங்கிக்கொள்ளட்டும். மனுவில் இரண்டு பேரையும் சேர்த்துவிடுங்கள். தினக்கூலி, தற்காலிகம் என்பதும் சாக்கு ஆகாது.

எங்கள் முதலாளி பதிலுரையில் எழுதியது இன்னும் விசேஷம். அத்தான் அவர் மில்லில் வேலையே பார்க்கவில்லையாம், எப்போதாவது மரம் வாங்க வந்து போகிறவராம். பதினோரு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் கூலி வாங்கிய மனுஷன்! ஆனால் கூலி கையில் கொடுத்தது, ரசீது இல்லை, மில் நோட்டு அவரிடம். கூட வேலை பார்த்தவர்களோ, பாவம், அவர்களும் அடுத்த சனிக்கிழமையை நம்பி இருப்பவர்கள். தெருவில் பார்த்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

சாட்சி கடைசியில் அக்காவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. மகளிர் குழுவில் லோன் போட்டபோது கொடுத்த விண்ணப்பத்தின் ஜெராக்ஸ், அடிபடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் எழுதியது. கணவர் தொழில் என்ற இடத்தில் மில் பெயர், அதற்குக் கீழே விசாரிப்பதற்கு என்று முதலாளியின் செல் நம்பர். பாச்சை உருண்டை வாசனையோடு அந்தத் தாளை எடுத்து நீட்டியபோது வக்கீல் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு தடவை படித்தார்கள். ஆகவே வீட்டில் ஒரு தாள் விடாமல் தேடுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்த படிவம், ஜிபே வரவு, “நாளைக்கு ஏழு மணிக்கு லோடு வருது, வந்துரு” என்று வாட்ஸப்பில் வந்த குரல், மில்லில் ஆயுதபூஜைக்கு எடுத்த போட்டோ, எல்லாம் சாட்சிதான். போனை மாற்றுவதற்கு முன் இதையெல்லாம் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

நோட்டீஸ், மனு

முதலில் முதலாளிக்கு எழுத்தில் ஒரு நோட்டீஸ். என்று, எங்கே, எப்படி அடிபட்டது, இவ்வளவு நஷ்டஈடு வேண்டும் என்று ஒரு பக்கத்தில் போதும். ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது). வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். நோட்டீஸ் கிடைத்த மூன்று நாளுக்குள் அவர் தன் செலவில் டாக்டரிடம் பரிசோதிக்கக் கூப்பிடலாம். கூப்பிட்டால் போய்விடுங்கள், போக மறுத்தால் உங்கள் உரிமைதான் நின்றுபோகும்.

அவர் பதில் சொல்லவில்லை அல்லது ஒத்துவரவில்லை என்றால் ஆணையரிடம் மனு. நம் ஊரில் தொழிலாளர் துறை அதிகாரிதான் இந்த ஆணையர், சிவில் கோர்ட்டுக்குப் போகிற விஷயம் இல்லை. விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் மன்னிக்க அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று. திருப்பூரிலோ சிவகாசியிலோ கேரளாவிலோ மும்பையிலோ அடிபட்டிருந்தாலும், நீங்களோ இறந்தவர் குடும்பமோ குடியிருக்கிற ஊரிலேயே மனுப் போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தாதருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. (தென்காசி 2019இல் தனி மாவட்டம் ஆகிவிட்டது, அந்தப் பக்கத்துக்காரர்கள் எந்த ஆபீஸ் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

லாரி டிரைவர், கிளீனர் என்றால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயமும் உண்டு, இதுவும் உண்டு. ஆனால் இரண்டில் ஒன்றுதான். எது லாபம் என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வக்கீல் கட்டாயமா? இல்லை, பதிவுபெற்ற தொழிற்சங்க நிர்வாகிகூட உங்களுக்காக நிற்கலாம். ஆனால் தகராறு உள்ள கேஸில் வக்கீல் இருப்பது நல்லது. காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வைத்துத் தருவார்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். வருகிற பணத்தில் பாதி தா என்று கேட்கிறவரிடம் போகாதீர்கள், அப்படிப் பங்கு பேசுவது வக்கீல்களின் விதிப்படியே கூடாது.

விசாரணை

சட்டத்தில் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. எங்களுக்கு எவ்வளவு ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன். முதலாளி தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கும், நீங்கள் ஒன்றுக்குக்கூடப் போகாமல் இருக்காதீர்கள், மனு தள்ளுபடி ஆகிவிடும்.

பெரிய சண்டை டாக்டர் சதவீதத்தில் வரும். மாற்றுத்திறனாளி அட்டையில் எழுதியிருக்கும் சதவீதம் உடம்புக்கு. இங்கே கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று. அட்டவணையில் இல்லாத காயம், உதாரணத்துக்கு முதுகெலும்பு, இடுப்பு என்றால் டாக்டர் இதைத் தனியாக எழுதித் தர வேண்டும். அவரிடம் “இவர் என்ன வேலை பார்த்தார், இனி அதைப் பார்க்க முடியுமா” என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். 1976இல் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சர் வழக்கில், முழங்கைக்கு மேலே இடது கை போனவரை, ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது என்று நூறு சதவீதமாகவே எடுத்துக்கொண்டது. அதே தீர்ப்புத்தான் விபத்து நடந்த அன்றே பணம் பாக்கி ஆகிவிடுகிறது என்றும் சொன்னது. நாங்களும் அதைக் காட்டி வாதாடிப் பார்த்தோம், ஆனால் இரண்டு விரலுக்கு அட்டவணையில் இருக்கிற 20தான் கிடைத்தது.

முதலாளியைக் குறுக்கு விசாரணை செய்த நாள் எனக்கு மறக்காது. எங்கள் வக்கீல் அம்மா அதிகம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி பில்லை நீட்டி, இதில் உள்ள கையெழுத்து உங்களுடையதா என்றார்கள். ஆமாம். மரம் வாங்க வந்தவர், தன் வீட்டில் விறகு வெட்டி, தானே விரலை வெட்டிக்கொண்டதற்கு நீங்கள் எதற்காக 86,000 ரூபாய் கட்டினீர்கள்? அவர் தண்ணீர் கேட்டார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கழிக்கச் சொல்லி எந்த பில்லைத் தூக்கிக்கொண்டு வந்தாரோ அதுவே அவரைக் கட்டிப்போட்டது.

நடுவில் சமாதானத்துக்கு வந்தால்

வருவார்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. சமாதானம் தப்பில்லை, தொகை சரியாக இருந்தால். ஆனால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்யாமல் பணத்தைத் தொடாதீர்கள். நஷ்டஈடே வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வாங்கியிருந்தால் அது செல்லாது, வேலைக்குச் சேரும்போதே வாங்கியிருந்தாலும் செல்லாது.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவு வந்தால் பணம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பாக்கிக்கு வருஷம் 12 சதவீதம் வட்டி உண்டு. எங்கள் கணக்கில் வருஷத்துக்கு ஏறக்குறைய 39,780 ரூபாய். காரணமில்லாமல் இழுத்தடித்தால் அசலில் பாதி வரை அபராதமும் போடலாம், அதையும் மனுவில் மறக்காமல் எழுதிக் கேளுங்கள். கட்டவில்லை என்றால் நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்க உத்தரவு கேட்கலாம். அது தாலுகா ஆபீஸுக்குப் போய் ஏதாவது ஒரு பீரோவில் படுத்துக்கொள்ளும், வாரம் ஒருதரம் போய் எழுப்ப வேண்டும்.

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மதுரை ஹைகோர்ட்டு பெஞ்சில் அப்பீல் போடுவேன் என்று முதலாளி கிளம்பினார். போடலாம், 60 நாளுக்குள். ஆனால் உத்தரவான தொகை முழுவதையும் ஆணையரிடம் கட்டி, கட்டியதற்குச் சான்று வாங்கி வைத்தால்தான் முதலாளியின் அப்பீலை எடுப்பார்கள். அவருடைய வக்கீல் அதைக் கடைசி வாரத்தில்தான் சொல்லியிருப்பார் போல. பணத்தைக் கட்டினார், அப்பீல் ஏனோ போகவே இல்லை. அக்கா பேங்க் பாஸ்புக், ஆதார், இரண்டு போட்டோவோடு பணம் எடுக்க மனு எழுதிக் கொடுத்தாள். அத்தான் இடது கையால் கையெழுத்துப் போட்டார், ஆபீஸ் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பியது. வலது கைக்காரர் உங்கள் வீட்டிலும் அடிபட்டிருந்தால், முதல் மனுவிலிருந்தே இடது கைப் பெருவிரல் ரேகையையும் சேர்த்து வைத்துவிடுங்கள், இந்த ஒரு நடை மிச்சம்.